பார்க்காத மீனுக்குக் கணக்கு

பார்த்ததை எண்ணிச் சம்பளம் வாங்குகிறவர்கள் ஊரில் ஏராளம். பார்க்காததை எண்ணிச் சம்பளம் வாங்குகிற கூட்டம் ரொம்பச் சின்னது, அதில் நானும் ஒருத்தன். ஒரு குளத்திலோ காட்டிலோ கொஞ்ச இடத்தில் கொஞ்ச நேரம் தேடுவோம். எத்தனை வகை உயிர்கள் கண்ணில் பட்டன என்று குறித்துக்கொள்வோம். பிறகு, கண்ணில் படாமல் இன்னும் எத்தனை வகை இருக்கும் என்று சொல்வோம். சொன்னவுடன் எதிரே இருப்பவர் நம்மை மேலும் கீழும் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பழகப் பல வருஷம் ஆகும்.

இதைப் படிக்கிற உங்களில் பலரும் என் கட்சிதான். வீட்டுக் கல்யாணத்துக்குச் சமையல்காரர் "எத்தனை இலை?" என்று கேட்டபோது, வருவதாகச் சொல்லி வராமல் போகிறவர்களையும், சொல்லாமலே குடும்பத்தோடு வந்து நிற்கிறவர்களையும் மனதுக்குள் கூட்டிக் கழித்து நீங்களும் ஒரு எண்ணைச் சொல்லியிருப்பீர்கள். மிஞ்சினாலும் திட்டு, பற்றாவிட்டாலும் திட்டு. எனக்கு அந்தத் திட்டு மீன்களின் பேரால் விழுகிறது. மதுரையில் ஒரு சின்ன ஆய்வு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே நடந்தவற்றில் சிலவற்றை, பெரும்பாலும் ஒரே ஒரு மடுவைச் சுற்றி நடந்தவற்றை, சொல்கிறேன்.

டீக்கடையில் கேட்ட கேள்வி

திருநகரில் எங்கள் தெரு முனையில் டீக்கடை வைத்திருப்பவர் ஒருநாள் என் தொழிலைப் பற்றி விசாரித்தார். சொன்னேன். பாலை ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "பாக்காத மீனை எப்பிடிண்ணே எண்ணுவீங்க?" என்றார். கடை போட்ட முதல் வாரத்தை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். தினமும் அதே முகங்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன என்றால் என்ன நினைப்பீர்கள்? "இந்தத் தெருவுல இம்புட்டுப் பேருதான்னு நெனப்பேன்." சரி, ஒரு தடவை வந்துவிட்டு மறுபடி தலைகாட்டாத புது முகங்களாகவே வந்துகொண்டிருந்தால்? கொஞ்சம் யோசித்தார். "இன்னும் வராத ஆளு நெறைய இருக்குன்னு அர்த்தம்."

எங்கள் சூத்திரமும் இவ்வளவுதான். ஒரே ஒரு மீனாக, ஒற்றையாக அகப்பட்ட வகைகள் எத்தனை, இரண்டே இரண்டாக அகப்பட்ட வகைகள் எத்தனை என்று பார்ப்போம். அந்த இரண்டையும் வைத்தே, பார்க்காதவை குறைந்தபட்சம் எத்தனை என்று சொல்லிவிடலாம். ஒற்றைகள் நிறைய இருந்தால் பார்க்காதவையும் நிறைய. ஒற்றையே இல்லை என்றால் அநேகமாக எல்லோரும் வந்து முகம் காட்டியாயிற்று. ஆகவே மற்றவர்கள் கூடை கூடையாகக் கிடைத்ததைப் பார்த்துச் சந்தோஷப்படும்போது நாங்கள் மட்டும் மூலையில் தனியாகக் கிடக்கும் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

கடைக்காரர் எனக்கு டீயைக் கொடுத்துவிட்டு, காலியாக இருந்த பெஞ்சையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "இத்தன வருசமா வந்த ஆளுக்கு மட்டுந்தான்ணே பால் வாங்கிட்டு இருந்திருக்கேன். வராத ஆளையெல்லாம் நெனைக்க ஆரம்பிச்சா தூக்கம் போயிரும் போலருக்கே."

கலுங்கடி மடு

கொட்டாம்பட்டிப் பக்கம், நாலுவழிச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கண்மாய் இருக்கிறது. மழைக்காலத்தில் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக வழிந்து விழும். அப்படி விழுந்து விழுந்தே கலுங்குக்குக் கீழே ஒரு மடு குடைந்திருக்கிறது. கண்மாய் காய்ந்து வெடித்துப் போனாலும் மடுவில் தண்ணீர் நிற்கும். நான் முதலில் போனது ஒரு மாசி மாதக் காலை. எதிரே இருந்த பாறைக்குன்றின் நிழல் தண்ணீருக்குள் தலைகீழாகப் படுத்திருந்தது. காற்று இல்லை. நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. யாரோ தூங்குகிற வீட்டுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டது போல எனக்குக் கூச்சமாக இருந்தது. வழிகாட்ட வந்தவரிடம் மெதுவாகத்தான் பேசினேன்.

மடு இருப்பது பட்டா நிலம். பழைய சொந்தக்காரர் விற்றுவிட்டார். வாங்கிய கம்பெனி அங்கே ஒரு பெரிய கிடங்கு கட்டப் போகிறது. லாரிகள் வந்துபோகச் சாலை வேண்டும். வரைபடத்தில் அந்தச் சாலை நேராக மடுவின் மேலேயே போயிற்று. மண் அடித்து மூடுவதற்கு முன்னால் உள்ளே என்னென்ன மீன்கள் இருக்கின்றன என்று பார்த்துச் சொல்ல எங்களைக் கூப்பிட்டார்கள். இனிப் பார்க்க எதுவும் பாக்கி இல்லை என்று அறிக்கை வந்தால் மடுவை மூடுவார்கள். பார்க்காத வகைகள் இன்னும் இருக்கும் என்று வந்தால் சாலையைத் தள்ளிப் போட யோசிப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

இடுப்பளவுத் தண்ணீரில் கைவலையோடு ஒரு பெண் நின்றிருந்தார். பெயர் செல்வராணி. நாற்பத்தைந்து வயது இருக்கும். பழைய சொந்தக்காரர் காலத்திலிருந்து அங்கே மீன் பிடித்து, சாலையோரத்துப் புளியமரத்தடியில் விற்கிறவர். கண்மாய் வற்றிய பிறகு கோடை முழுக்க அவர் வீட்டில் உலை கொதிப்பது இந்த மடுவால்தான். மீன்களை வகை பிரித்துத் தர எங்களோடு வேலைக்கு வரச் சொன்னேன். மடுவை மூடினாலும் மூடலாம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இதில் மொத்தம் எத்தனை வகை மீன் இருக்கும் என்று கேட்டேன். "எனக்கு அகப்பட்டது எனக்குத் தெரியும் தம்பி. அகப்படாதது இருக்கா இல்லையான்னு நீங்கதான சொல்லணும், அதுக்குத்தான வந்திருக்கீங்க."

பேசின் வரிசை

எங்கள் வேலையை நேரில் பார்த்தால் சிரிப்பீர்கள். முருகேசன் என்று ஒருத்தன் என்னோடு வேலை பார்க்கிறான். டி. கல்லுப்பட்டிக்காரன், வீச்சு வலை போடுவதில் கெட்டிக்காரன், என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவான். அவன் மடுவின் ஒவ்வொரு மூலையிலும் வலை வீசுவான். விழுந்ததையெல்லாம் ஒரு பெரிய தொட்டியில் விடுவோம். கரையில் தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் பேசின்கள் வரிசையாக இருக்கும். கெண்டைக்கு ஒன்று, ஜிலேபிக்கு ஒன்று, கெளுத்திக்கு, குரவைக்கு, அயிரைக்கு என்று செல்வராணி அக்கா பிரித்துப் போடுவார். அதற்குள் நான் கரையைச் சுற்றி நடந்து ஆழமும் தண்ணீரின் சூடும் அளந்துவிட்டு வருவேன். வந்து எண்ணி, படம் எடுத்ததும் எல்லா மீனும் திரும்பத் தண்ணீருக்குள்ளேயே போய்விடும். எண்ணுவதற்காகப் பிடித்து, எண்ணி முடித்ததும் விட்டுவிடுகிற எங்களைப் பார்த்து ஆடு மேய்க்கிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

மதியத்தில் கருவேல மரத்தடியில் படுத்துக்கொள்வேன். இலைகளுக்கு நடுவே வெயில் பொடிப்பொடியாக விழும். தண்ணீர்மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனால் மடு பெரிதாகிவிடும். எங்கேயோ நடுவில் ஒரு குமிழி வரும், உடையும். அதை விட்டது யார்? கெண்டையா, கெளுத்தியா, இல்லை, எங்கள் பேசினுக்கு இன்னும் வராத ஒருவரா? அவர் கீழே சேற்றுக்கு மேலே அசையாமல் நின்று, மேலே அசைகிற எங்கள் நிழல்களைப் பார்த்து, இவர்கள் மொத்தம் எத்தனை வகை என்று யோசித்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றும். அந்த முகம் தெரியாத மீன்மேல் எனக்கு உண்மையாகவே பிரியம் உண்டாகிவிட்டது. கண் தானாக மூடிக்கொள்ளும்.

ஒருநாள் அப்படிக் கிடந்தபோது என் முகத்தில் தண்ணீர் தெறித்தது. முருகேசன் ஈர வலையோடு தலைமாட்டில் நின்றான். "மாப்ள, நீ எண்ண வந்தியா, கனாக் காண வந்தியா? ரெண்டுக்கும் ஒரே சம்பளம்னா எனக்கும் ஒரு எடம் போடு."

திரும்பி வரும் பஸ்

கொட்டாம்பட்டியிலிருந்து மதுரைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் எனக்கு வேறு சொர்க்கம் வேண்டாம். மடுவில் நாள் முழுக்க நின்ற கால்களில் இன்னும் தண்ணீர் அசைந்துகொண்டிருக்கும். வெயில் சாய்ந்து வயல்கள் மஞ்சளாகும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள். பலாப்பழத்தை மடியில் வைத்திருந்த ஒருவர், செல்போனில் யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டே வந்த ஒரு பெண், என் தோளில் சாய்ந்து தூங்கிப்போன ஒரு பெரியவர். இவர்களில் யாரையும் நான் முன்பு பார்த்ததில்லை. இனிமேல் பார்க்கப் போவதுமில்லை. எல்லோருமே எனக்கு ஒற்றைகள். சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், இந்தச் சாலையில் நான் பார்க்காத மனிதர்கள் முடிவில்லாமல் இருக்கிறார்கள் என்று வரும்.

இந்த நினைப்பு ஏன் எனக்குச் சந்தோஷம் தருகிறது என்று தெரியவில்லை. மேலூர் தாண்டும்போது கண் சொக்கிவிட்டது. கனவில் பஸ்ஸுக்குள் தண்ணீர் ஏறியது. யாரும் பயப்படவில்லை. பச்சை வெளிச்சத்தில் எல்லோரும் மெதுவாக அசைந்துகொண்டு, இறங்க வேண்டிய இடம் வந்ததும் ஜன்னல் வழியாக நீந்திப் போனார்கள். போகும்போது ஒவ்வொருவரும் என்னிடம் தங்கள் பெயரைச் சொன்னார்கள். நான் குறித்துக்கொள்ளப் பேனாவைத் தேடிக்கொண்டே இருந்தேன்.

தோளை யாரோ தட்டினார்கள். மாட்டுத்தாவணி வந்து, பஸ் நின்று, விளக்கை அணைத்துவிட்டிருந்தார்கள். கண்டக்டர் பையை மடித்துக்கொண்டிருந்தார். "இறங்குங்கண்ணே. வண்டியில நீங்க ஒத்த ஆளுதான் மிச்சம்."

பூஜ்யம்

வலை வீசும் நாட்கள் முடிந்து, மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். போட்டு முடித்ததும் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். ஒற்றை ஒன்றுகூட இல்லை. எல்லா நாளும், எல்லாப் பேசினிலும், இரண்டு அல்லது அதற்கு மேல். இந்த மடுவில் இருக்கிற எல்லா வகையையும் பார்த்தாயிற்று, பார்க்காதது பூஜ்யம் என்று சூத்திரம் சொல்லிற்று. மறுபடி போட்டேன். மறுபடியும் பூஜ்யம். கருவேல மரத்தடியில் நான் பார்த்த குமிழி வெறும் சேற்றுக் காற்றுதான் போலிருக்கிறது.

எனக்கு மனசே ஆறவில்லை. பார்க்காத மீன் போனது ஒரு பக்கம். அந்த எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டால் லாரி மண் கொட்டும், செல்வராணி அக்காவின் கோடை அதற்கடியில் போகும். அன்றைக்கு வீட்டில் தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. என் மனைவி காரணம் கேட்டாள். பூஜ்யம் வந்துவிட்டது என்றேன். பரீட்சை எழுதிய பிள்ளையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துவிட்டுப் போனாள்.

எங்கள் அலுவலகத்தின் தலைவர் தாமோதரன் சார், கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். எண்களை வளைக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அறிக்கையை அவரிடம் நீட்டி, இயற்கையான ஒரு மடுவில் ஒற்றையே இல்லாமல் இருப்பதை மனசு ஒப்பவில்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மனசு ஒப்பலைங்கறதுக்குச் சூத்திரம் கிடையாதுப்பா. தப்பு இருந்தா கண்டுபிடிச்சுட்டு வா, இல்லைன்னா டைப் அடிச்சுக் கொடு."

ஒரு இட்லி போதும் என்றேன்

அறிக்கை போவதற்கு முன் செல்வராணி அக்காவிடம் நேரில் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று கிளம்பிப் போனேன். காலை நேரம். விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சாப்பிடச் சொல்லி உட்கார வைத்துவிட்டார். இட்லியும் முந்தின நாள் மீன் குழம்பும். இலையில் இருந்ததைத் தின்று முடித்ததும், இன்னும் ஒன்று என்றார். சரி, ஒன்றே ஒன்று போதும் என்றேன். அவர் இரண்டு வைத்தார். ஒன்றை எடுத்துவிடச் சொன்னேன். "ஒத்தையா வைக்கக் கூடாது தம்பி" என்று சொல்லிவிட்டுக் குழம்பை ஊற்றினார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். எல்லா வீட்டிலும் அப்படித்தான். நான் பிட்டு வாயில் போடப் போனவன், கையை அப்படியே நிறுத்திவிட்டேன்.

"அக்கா, பேசின்ல மீனு ஒத்தையா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். அவருக்கு அது கேள்வியாகவே படவில்லை. காலையில் தாம் பிடித்துப் பானையில் வைத்திருக்கும் மீன்களில் அதே வகை இருந்தால் ஒன்றை எடுத்துத் துணைக்குப் போட்டுவிடுவாராம். பானையிலும் ஜோடி இல்லை என்றால் அந்த மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவாராம். நான் கரையைச் சுற்றி அளந்துவிட்டு வருவதற்குள் இதெல்லாம் முடிந்துவிடும். "அது மட்டும் தனியா முழிச்சுக்கிட்டுக் கெடக்கும், பாக்கச் சகிக்காது" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. நாங்கள் தேடி வந்த ஒவ்வொரு ஒற்றையையும் இந்த அம்மாள் ஒன்று ஜோடி சேர்த்துவிட்டார், இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

ஒற்றை என்றால் எங்கள் கணக்கில் என்ன அர்த்தம் என்று எடுத்துச் சொன்னேன். டீக்கடை உதாரணமே போதுமானதாக இருந்தது. ஒற்றைகள் இருந்திருந்தால் மடுவுக்கு நல்லது, இல்லாததால்தான் மூடப் போகிறார்கள் என்று புரிந்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. கையில் கரண்டியோடு சுவரில் சாய்ந்து நின்றார். தாழ்ந்த குரலில் கேட்டார்: "அப்ப இனிமே எல்லாத்தையும் ஒத்த ஒத்தையா வச்சுரவா தம்பி? எம்புட்டு வேணும் ஒங்களுக்கு?"

கலுங்குக் கல்லில் ஒருத்தர்

பழைய எண்ணிக்கையை நம்ப முடியாது என்று தாமோதரன் சார் கம்பெனிக்கு எழுதினார். இன்னும் ஒரே ஒரு நாள் வலை வீசிக்கொள்ளலாம், அதற்கு மேல் பொறுக்க முடியாது என்று பதில் வந்தது. சார் என்னிடம் ஒரு நிபந்தனையும் போட்டார். அந்த அம்மாள் பேசின் பக்கம் வரக் கூடாது. அவர் சொன்னது சரி. முதலில் பிரியத்தில் ஜோடி சேர்த்தவர், இப்போது பயத்தில் ஜோடியைப் பிரித்தாலும் பிரிப்பார். ஆனால் இதை அவரிடம் சொல்ல வேண்டியவன் நான். சொன்னேன். அவர் கலுங்குக் கல்லின்மேல் போய் உட்கார்ந்து, இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டார்.

அன்றைக்குப் பிரிக்கிற வேலை என்னுடையது. முருகேசன் வலையை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் அக்கா கல்லிலிருந்து பாதி எழுந்து மறுபடி உட்காருவார். கெண்டை குவிந்தது, ஜிலேபி குவிந்தது. பிறகு ஒரு உளுவை, ஒன்றே ஒன்று. அடுத்த மூலையில் ஒரு தேளி. இன்னொரு பேசினில் ஒரு ஆரல், தன் வாலையே சுற்றிக்கொண்டு கிடந்தது. "ஒத்தையாவா இருக்கு?" என்று அக்கா தூரத்திலிருந்து கேட்டார். ஆமாம் என்றேன். அவருக்கு அது நல்ல சேதி. ஆனாலும் பார்க்க முடியாமல் முகத்தைக் கண்மாய்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வெயில் ஏறியது. தண்ணீர் கண்ணாடித் துண்டுகளாக மினுங்கியது. எனக்கு அந்த நாள் முழுவதும் தூக்கத்தில் நடந்தது போல இருந்தது. எண்ணும்போதெல்லாம் என் கையே ஒற்றைப் பேசின்களுக்குத் துணை தேடிப் போயிற்று. அடக்கிக்கொண்டேன்.

கடைசிப் படத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் சரியில்லை என்று இரண்டாவது தடவை எடுக்கப் போனேன். கல்லின்மேலிருந்து குரல் வந்தது. "சீக்கிரம் விடுங்க தம்பி. எம்புட்டு நேரந்தான் அதுக தனியாக் கெடக்கும்?"

ஒரு முகம் வேண்டும்

கணக்கு வந்தது. முந்தின நாட்களில் பார்த்திருந்த வகைகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், இன்னும் கண்ணில் படாதவை குறைந்தது மூன்று வகை. நானும் முருகேசனும் அந்த மூன்றைக் கொண்டாடி ஆளுக்கொரு ஜிகர்தண்டா குடித்தோம். பெயர் தெரியாது, நிறம் தெரியாது, அளவு தெரியாது. ஆனாலும் ரொம்ப நாளாகக் கடிதம் போடாத சிநேகிதர்களிடமிருந்து சேதி வந்தது போல எனக்கு மனசு நிறைந்திருந்தது.

கம்பெனியின் பொறியாளர் பெயர் சுந்தரவடிவேல். சின்ன வயசுக்காரர், தன்மையானவர். மதுரையில்தான் ஆபீஸ். அறிக்கையைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, எங்கள் வரைபடத்தில் மடு இருந்த இடத்தை விரலால் வட்டமாகத் தடவிக்கொண்டிருந்தார். நான் நம்பிக்கையோடு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் நிமிர்ந்தார். "கணக்கு எனக்குப் புரியுது சார். ஆனா பாக்காத மூணு மீனுக்காக ரோட்டை வளைச்சேன்னு மேல போய் எப்படிச் சொல்றது? மூணுல ஒண்ணையாவது முகத்தைக் காட்டச் சொல்லுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

தூக்குவாளி

இதை அக்காவிடம் போனில் சொன்னேன். "சரி தம்பி" என்று வைத்துவிட்டார். மடுவை மூடக் கம்பெனி குறித்திருந்த நாள் நெருங்கியது. ஒரு காலையில் எங்கள் அலுவலக மாடிப்படியில் ஈரக் காலடி. செல்வராணி அக்கா கையில் மூடியில்லாத தூக்குவாளியோடு நின்றார். கொட்டாம்பட்டியிலிருந்து பஸ் ஏறி, மாட்டுத்தாவணியில் வண்டி மாறி, தண்ணீர் சிந்தாமல் கொண்டுவந்திருந்தார். உள்ளே விரல் நீளத்தில் ஒரு மீன். பழுப்பு உடம்பு, வாலடியில் ஒரு கரும்புள்ளி, அதைச் சுற்றி மெல்லிய பொன் வளையம். நான் எண்ணிய பேசின் எதிலும் இருந்ததில்லை. "இதைத்தான் அன்னைக்கு ஒத்தையா இருக்குன்னு விட்டேன்" என்றார். தாமோதரன் சார் புத்தகங்களை எடுத்துப் புரட்டி, ஒரு நீளமான பெயரைச் சொல்லி, பிறகு தமக்கே நம்பிக்கை இல்லாமல் தலையை ஆட்டிக்கொண்டார்.

சுந்தரவடிவேலுக்குச் சொல்லியனுப்பினேன். வந்தார். தரையில் குந்தி உட்கார்ந்து வாளிக்குள் பார்த்தார். மீன் மேலே வந்து, வாயைத் திறந்து மூடிவிட்டு மறுபடி கீழே போயிற்று. அவர் படம் எடுத்தார். எடுத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அப்புறம் எழுந்து என் மேஜையில் இருந்த பென்சிலை எடுத்து வரைபடத்தில் மடுவைச் சுற்றி ஒரு வளைவு போட்டார். அந்த வளைவு பல மேஜைகளைத் தாண்டி முத்திரையோடு திரும்பி வந்த கதையில் சுவாரஸ்யம் இல்லை. வந்தது என்பது போதும். இப்போது லாரிகள் அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்துத் திரும்புகின்றன.

வாளியோடு வந்த அன்றைக்கே மீனைத் திருப்பி விடக் கிளம்பினார் அக்கா. நானும் கூடப் போனேன். பஸ்ஸில் மடியில் வாளியை வைத்து, குலுங்கும்போதெல்லாம் உள்ளங்கையால் மூடிக்கொண்டார். வெளியே வயல்கள் மெதுவாகப் பின்னால் போயின. நான் வழக்கம்போல் சொக்க ஆரம்பித்தேன். பாதித் தூக்கத்தில் பக்கத்தில் முணுமுணுப்பாகப் பேச்சுக் குரல் கேட்டது. மேலூர் வந்துருச்சு, இன்னும் கொஞ்சந்தான், அந்தா மலை தெரியுது பாரு என்று குரல் சொல்லிக்கொண்டே வந்தது. யாரோடு பேசுகிறார் என்று கண்ணைத் திறந்தேன். வேறு யாரும் இல்லை. தலையைக் குனிந்து வாளிக்குள் பேசிக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைக் கண்டதும் கொஞ்சம் வெட்கப்பட்டார். "ஒத்தையாக் கூட்டிட்டு வந்துட்டேன்ல தம்பி. துணைக்கு வேற ஆளில்ல, அதான் வர்றப்பயும் பேசிக்கிட்டே வந்தேன், போறப்பயும் பேசிக்கிட்டே போறேன்."

மூன்றில் ஒன்று முகம் காட்டிவிட்டதால் பார்க்காதவை பாக்கி இரண்டு என்று அறிக்கையைத் திருத்திக் கொடுத்தேன். அந்த இரண்டும் ஏன் இன்னும் வரவில்லை என்ற இடத்தில் "ஒன்றுக்கொன்று துணையாக இருக்கலாம்" என்று எழுதத்தான் ஆசை, ஆனால் எங்கள் தொழிலில் அதற்குச் சம்பளம் கிடையாது.